ஷிப்ட் முடிகிற நேரத்தில் நடை சாத்தியிருக்கும்

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து எட்டு மாதமாகத் துரைப்பாக்கத்தில் தங்கி அமெரிக்க ஷிப்டில் வேலை பார்க்கிறேன், ஊரில் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனவன் இங்கே வந்து ஒரு தடவைகூடப் போகவில்லை, அம்மா போனில் கேட்டால் போயிட்டு வந்தேன் என்று பொய் சொல்கிறேன், எனக்கு பக்தி விட்டுப்போச்சா, இந்த ஊரில் வேலையையும் சாமியையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி, நான் அம்பாசமுத்திரம் பக்கம். 2014இல் சென்னைக்கு வந்தேன், அன்றிலிருந்து ஓஎம்ஆர்தான், ஐடி கம்பெனிகள் வரிசை கட்டி நிற்கிற பழைய மகாபலிபுரம் ரோடு. பெருங்குடி, சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று கம்பெனி மாற மாற அதே ரோட்டில் தெற்கே தள்ளிக்கொண்டே போயிருக்கிறேன். இதில் ஏழு வருடம் ராத்திரி ஷிப்ட். அதனால் உங்கள் கேள்விக்குச் சாமியார் மாதிரி பதில் சொல்ல வராது, ஷிப்ட் ரோஸ்டர் பார்த்துப் பிழைத்தவனாகத்தான் சொல்ல முடியும்.

முதலில் ஒரு கணக்கு. சிவன் கோயிலில் ஆறு கால பூஜை: உஷத்காலம், காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இரண்டாம் காலம், அர்த்தசாமம். பொதுவாக விடிந்ததும் நடை திறந்து மதியம் 12 மணி வாக்கில் சாத்துவார்கள், திரும்ப 4 மணிக்குத் திறந்து ராத்திரி எட்டரை ஒன்பதுக்குப் பள்ளியறை பூஜையோடு முடிப்பார்கள். இப்போது உங்கள் நாளை எடுங்கள். சாயங்காலம் ஆறரைக்கு லாகின், விடிகாலை மூன்றரைக்கு லாகவுட், கேப் நாலு பேரை இறக்கிவிட்டு உங்களை இறக்கும்போது நாலரை. படுத்தால் எழுந்திருக்க மதியம் ஒன்று. எழுந்து பார்த்தால் நடை சாத்தியிருக்கும். நாலு மணிக்குத் திறக்கும்போது நீங்கள் துணி துவைத்துக்கொண்டிருப்பீர்கள், ஐந்தரைக்கு பிக்கப். பிரதோஷ காலம் என்பது நாலரையிலிருந்து ஆறு வரை, அதாவது சரியாக நீங்கள் அவசரமாகக் கிளம்பி, கேபில் உட்கார்ந்து டைடல் பார்க் சிக்னலை வெறித்துக்கொண்டிருக்கிற நேரம். சாமி கண்விழித்திருக்கிற நேரமெல்லாம் நீங்கள் தூக்கத்திலோ வேலையிலோ இருக்கிறீர்கள், நீங்கள் வேலை முடித்து வரும்போது அவர் தூங்குகிறார். இதற்கு பக்தி விட்டுப்போச்சு என்று ஏன் பெயர் வைக்க வேண்டும்? டைம் டேபிள் தகராறு, அவ்வளவுதான்.

ஆனால் டைம் டேபிள் மட்டும் என்றால் வார லீவு நாளில் போயிருக்கலாமே என்று நீங்களே கேட்பீர்கள். நானும் அதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன், ரொம்ப வருடம்.

ஊரில் நீங்கள் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனது நீங்களாக முடிவு பண்ணிப் போனதா என்று யோசித்துப் பாருங்கள். அம்மா தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்திருப்பார்கள், தெருவில் நாலு பேர் போய்க்கொண்டிருப்பார்கள், கூடவே போயிருப்பீர்கள். எங்கள் ஊரில் கொடை, அதாவது கோயில் திருவிழா வந்தால் வீட்டுக்கு வரி போடுவார்கள், தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று. வரி கொடுத்தவன் நம்புகிறானா நம்பவில்லையா என்று எந்தக் காலத்திலும் யாரும் கேட்டதில்லை. வில்லுப்பாட்டுக்காரர் விடிய விடிய கதை சொல்வார், பாதி ஊர் தூங்கிக்கொண்டே கேட்கும், அதுவும் கணக்கில் சேரும். பக்தி என்பது ஊர் சேர்ந்து தூக்குகிற சப்பரம் மாதிரி. நம் தோள் கொஞ்சம் விலகினாலும் சப்பரம் போய்க்கொண்டுதான் இருக்கும். துரைப்பாக்கம் பிஜி விடுதியில் அந்தச் சப்பரத்தை ஒற்றை ஆளாகத் தூக்கச் சொன்னால் யாருக்குத் தூக்க வரும்? எட்டு மாதம் தூக்கவில்லை என்பதில் ஆச்சரியமே இல்லை.

இன்னொன்று, இது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது. உங்கள் ஊர்ப் பக்கம் சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவையே எடுங்கள். அம்பாள் தபசுக்கு எழுந்தருளும்போது சம்சாரிகள், அதாவது நம் பக்கத்து விவசாயிகள், மிளகாய் வத்தலையும் பருத்தியையும் நெல்லையும் அள்ளி வீசிச் சூறை விடுவார்களே, அந்த வருடம் விளைந்ததில் ஒரு பிடி. அங்கே வேலைக்கும் சாமிக்கும் ஒரே காலண்டர். விதைப்பு, அறுப்பு, அதற்கேற்ற திருவிழா. நம்முடைய வேலைக்கு என்ன காலண்டர்? முதல் குவார்ட்டர், இரண்டாம் குவார்ட்டர், நவம்பரில் கிளையண்டுக்கு தேங்ஸ்கிவிங், டிசம்பர் கடைசியில் சிஸ்டத்தில் யாரும் எதையும் மாற்றக் கூடாத சேஞ்ச் ஃப்ரீஸ், மார்ச்சில் வருடக் கணக்கு முடிப்பு. அப்புறம் நாம் விளைவிப்பது என்ன? ராத்திரி முழுக்க உட்கார்ந்து கிளையண்டின் புகார் டிக்கெட் நாற்பது க்ளோஸ் பண்ணியிருப்போம், அதில் ஒரு பிடி அள்ளி யார் மேல் வீசுவது? வேலை ஒரு பக்கம் போகிறது, சாமி ஒரு பக்கம் நிற்கிறார், நடுவில் நாம் தூக்கம் கெட்டு நிற்கிறோம்.

ஆயுத பூஜை மட்டும்தான் இதற்கு விதிவிலக்கு. அன்றைக்குப் பாருங்கள், ஏசி குளிரில் மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம், சர்வர் ரூம் கதவுக்கு மாவிலை, ரிசப்ஷனில் பொரிகடலை, வாசலில் பூசணிக்காய், கேப் டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம். சாமி கும்பிடாத ஆள்கூட அன்று கீபோர்டைத் துடைத்து வைப்பான். எங்கள் டீமில் ஒரு ஆள் லேப்டாப்பில் குங்குமத்தைக் கொஞ்சம் தாராளமாகத் தூவி மூன்று கீ வேலை செய்யாமல் போய், ஐடி சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டான், காரணம் என்ற இடத்தில் பூஜை என்றே எழுதியிருந்தான். சிரிக்கலாம், ஆனால் அந்த ஒரு நாள் எல்லோருக்கும் ஏன் பிடிக்கிறது என்றால் செய்கிற வேலைக்கும் சாமிக்கும் நடுவில் அன்றைக்கு மட்டும் கதவு திறக்கிறது.

சரி, கதை போதும், நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

நான் கோயிலுக்குத் திரும்பியது மார்கழியில், அதுவும் தற்செயலாக. டிசம்பர் கடைசி, சேஞ்ச் ஃப்ரீஸ், வேலை இல்லை, சீக்கிரம் விட்டுவிட்டார்கள். கேப் டிரைவர் அண்ணன் திருவான்மியூர்க்காரர், வேறு யாரும் வண்டியில் இல்லாததால் என்னையும் கூட்டிக்கொண்டு நேரே மருந்தீஸ்வரர் கோயில் பக்கம் நிறுத்தினார். மணி நாலரை இருக்கும். வருடம் முழுக்க சாத்திக் கிடக்கிற நேரத்தில் நடை திறந்து விளக்கு எரிகிறது! மார்கழியில் கோயில்களை இருட்டோடு திறப்பார்கள் என்பது சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம்தான், ஆனால் ராத்திரி ஷிப்ட்காரனுக்கு அது என்ன பொருள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. மற்றவர்கள் எல்லாம் அலாரம் வைத்து, குளிரில் நடுங்கி, தூக்கத்தோடு சண்டை போட்டு வந்திருந்தார்கள், நான் மட்டும் நன்றாக விழித்துக்கொண்டு நின்றேன். திருவெம்பாவை பாடினார்கள். தொன்னையில் வெண்பொங்கல் கொடுத்தார்கள், நெய் கையில் வழிந்தது. ஆபீஸ் கேன்டீனில் ராத்திரி பத்து மணிக்குத் தின்ற காய்ந்த சப்பாத்திக்கு அப்புறம் அது எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த மார்கழியில் பதினோரு நாள் போனேன், பக்தியிலா பொங்கலுக்கா என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கோயிலுக்கு ஒரு கதை சொல்வார்கள். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம் அது, சாமி மேற்குப் பார்த்து இருப்பார். ஏன் மேற்கு என்றால், அப்பய்ய தீட்சிதர் என்ற அந்தக் காலத்துச் சைவப் பெரியவர் வேளச்சேரியிலிருந்து தினமும் தரிசனத்துக்கு வந்துகொண்டிருந்தாராம், ஒரு நாள் மழை வெள்ளம் வந்து சுற்றிப் போய் முன்பக்கம் சேர முடியவில்லையாம், சாமியின் முதுகுதானே தெரிகிறது என்று அவர் வருந்த, சாமியே அவர் நிற்கிற பக்கம் திரும்பிக்கொண்டாராம். வேளச்சேரியில் அன்றைக்கும் வெள்ளம்தான் பாருங்கள். இந்தக் கதையை நம்ப வேண்டும் என்று சொல்லவில்லை, ஆனால் அந்த ரோட்டில் வேலை பார்க்கிறவனுக்கு இது பிடிக்காமல் போகாது. மேற்கே என்ன இருக்கிறது? தரமணி, டைடல் பார்க், வேளச்சேரி. வர முடியாதவன் இருக்கிற திசையைப் பார்த்து ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, பிக்கப்புக்குப் போகும்போது கேப் ஜன்னல் வழியாகவே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போன நாட்கள் எனக்கு நிறைய உண்டு. அதையும் கோயிலுக்குப் போனதாகத்தான் நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

வெள்ளம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2015 டிசம்பரில் நான் வேளச்சேரியில் ஒரு மாடி அறையில் இருந்தேன். இரண்டு நாள் கரண்ட் இல்லை, போன் இல்லை, கீழ்வீட்டில் கழுத்தளவு தண்ணீர். பக்கத்துப் பள்ளிவாசல் பையன்கள்தான் டியூப் மேல் பாத்திரத்தை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து சாப்பாடு கொடுத்தார்கள். நீ எந்த ஊர், என்ன ஆள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஊர் முழுக்க அந்த வாரம் கோயில் மண்டபம், சர்ச், பள்ளிவாசல் எது மேட்டில் இருந்ததோ அதில் ஜனம் தங்கியது. ஊரில் சப்பரம் தூக்குகிற தோள்களைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, சென்னையில் அந்தத் தோள்கள் இல்லவே இல்லை என்று நினைத்திருந்தேன், இருந்திருக்கின்றன, ஆனால் மார்பளவு தண்ணீர் வந்தால்தான் கண்ணுக்குத் தெரிகின்றன.

வேலைக்கு நடுவில் நேரம் எடுப்பது எப்படி என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என்னோடு பெருங்குடியில் வேலை பார்த்த ஒரு பாய். அவருடைய அவுட்லுக் காலண்டரில் ஒவ்வொரு வெள்ளியும் மதியம் 12.45 முதல் 2 மணி வரை அடைத்து வைத்திருப்பார், வருடம் முழுக்க, ஜும்மா என்று பெயர் போட்டே. யாரிடமும் தயங்கித் தயங்கி அனுமதி கேட்டதில்லை, மன்னிப்புக் கேட்கிற முகமும் வைத்துக்கொண்டதில்லை. மீட்டிங் வைக்கிறவனுக்கு அந்த நேரம் சிவப்பாகத் தெரியும், வேறு நேரம் பார்த்துக்கொள்வான். பதிலுக்கு மற்ற நாள் யாருக்காவது அவசரம் என்றால் முதலில் கை தூக்குகிறவரும் அவர்தான், அதனால் யாரும் முணுமுணுத்ததில்லை. ரமலானில் அவர் தானாகவே ராத்திரி ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொள்வார். எல்லோரும் மூன்று மணிக்கு எழுந்திருக்கக் கஷ்டப்படுவார்கள், நான் வேலையை முடித்துவிட்டு நேரே நோன்புக்கு முந்தைய சஹர் சாப்பாட்டைச் சாப்பிட்டுத் தொழுதுவிட்டுப் படுப்பேன் என்பார். என் மார்கழியும் அவர் ரமலானும் ஒரே தந்திரம்தான்.

நாம் என்ன செய்கிறோம்? யாரோ நேரம் கொடுப்பார்கள் என்று உட்கார்ந்திருக்கிறோம். நம் பக்கத்து ஆட்களுக்குப் பங்குனி உத்திரம் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கே இருந்தாலும் அன்றைக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போக வேண்டும். எங்கள் சாஸ்தா ஒரு குளத்தங்கரையில், மருத மரத்தடியில் இருக்கிறார், வருடம் முழுக்க யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், அந்த ஒரு நாள் மட்டும் திருச்சி, பெங்களூர், பம்பாய் என்று எங்கெங்கோ இருந்து கார் வந்து நிற்கும். பிரச்சினை என்னவென்றால் உத்திரம் வருகிற மாதத்தில்தான் வருடக் கணக்கு முடிப்பும் வருகிறது. ஐந்து வருடம் தொடர்ந்து நான் போகவில்லை. கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்று நானே முடிவு பண்ணி, கேட்காமலே இருந்துவிட்டேன், அப்புறம் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன். 2020இல் லீவு கையில் இருந்தது, ஊரடங்கு வந்துவிட்டது. சாஸ்தாவுக்கு பூசாரி மட்டும் போய் விளக்கேற்றினாராம், வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது, குளம், மரம், ஒரு விளக்கு, ஆள் இல்லை. அந்தப் போட்டோவைப் பார்த்தபோது வந்த வருத்தத்தில்தான் எனக்கு இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தது. உங்களுக்கும் அப்படித்தான், பொய் சொல்லும்போது உறுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் இல்லையா, விட்டுப்போனவனுக்கு உறுத்தாது.

2024இல் உத்திரம் மார்ச் 25, திங்கட்கிழமை. அதைவிட மோசமான நாள் கிடைக்காது. ஜனவரியிலேயே மேனேஜரிடம் சொன்னேன், இந்தத் தேதியில் குடும்பக் கோயில், வருடத்தில் ஒரு நாள், வேறு நாளில் வைக்க முடியாது, அதற்குப் பதில் பொங்கலுக்கும் தமிழ்ப் புத்தாண்டுக்கும் நான் ஆன்-காலில் இருந்து, கூப்பிட்டால் வேலை பார்க்கிறேன் என்று. அவர் வடக்கே இருந்து வந்தவர், அவர்கள் பக்கத்துப் பெரிய பண்டிகையான சட் பூஜைக்கு ஊருக்குப் போக முடியாமல் வருடா வருடம் தவிக்கிற ஆள், நான் பாதி சொல்லும்போதே சரி என்றுவிட்டார். இப்படி எல்லா மேனேஜரும் இருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். அதற்கு முந்தைய இடத்தில் அப்பாவின் திவசத்துக்கு லீவு கேட்டபோது, வேறு தேதியில் வைத்துக்கொள்ள முடியாதா என்று கேட்ட ஒருவரிடமும் வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் கேட்காமலே மனதுக்குள் சண்டை போடுவதைவிட கேட்டு இல்லை என்று வாங்குவது எவ்வளவோ மேல், குறைந்தபட்சம் யார் மேல் கோபப்பட வேண்டும் என்று தெரியும்.

என்ன வேண்டிக்கொள்வது என்பதையும் கேட்டிருக்கிறீர்கள், கேட்காத மாதிரி. அப்ரைசல் மாதத்தில் கோயிலில் நம் ஆட்கள் கூட்டம் கூடும், பழவந்தாங்கல் பக்கம் விசா பிள்ளையாருக்கே தனிக் கோயில் உண்டு, நானும் ஒரு காலத்தில் ரேட்டிங்குக்கு வேண்டிக்கொண்டு தேங்காய் உடைத்தவன்தான். அதில் கேவலம் ஒன்றும் இல்லை, மழைக்கு வேண்டியவர்களின் பிள்ளைகள் விசாவுக்கு வேண்டுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் கவனியுங்கள், ரேட்டிங் குறைந்த வருடம் நான் சாமியோடு பேசாமல் இருந்தேன், ஏதோ அவர் நம் மேனேஜருக்கும் மேலே இருக்கிற ஸ்கிப் லெவல் மேனேஜர் மாதிரி. அப்போதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது. வேலையில் வருகிற ஏற்ற இறக்கம் அப்படியே கும்பிடுவதிலும் வந்துவிட்டால் மிச்சம் வைத்துக்கொள்ள ஒரு இடம்கூட இல்லையே. இப்போதெல்லாம் போய் நின்றால் ஒன்றும் கேட்பதில்லை. பெருந்தன்மையில் அல்ல, என்ன கேட்பது என்று தெரியவில்லை. முழு நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் அதற்கும் என்னிடம் நேரான பதில் கிடையாது. நிற்கப் பிடித்திருக்கிறது, நிற்கிறேன்.

அப்புறம் உங்கள் டீமில் ஒருவர் சனிக்கிழமை தியான வகுப்புக்கு வா வா என்று கூப்பிடுவதாக எழுதியிருந்தீர்கள். பிடித்தால் போங்கள், பிடிக்காவிட்டால் வேண்டாம். ஆனால் முதல் நாளே நன்கொடைச் சீட்டை நீட்டுகிற இடமாகவோ, அம்மா அப்பாவைவிட குரு சொல்வதுதான் பெரிசு என்கிற இடமாகவோ இருந்தால் செருப்பைக் கழற்றாமலே திரும்பி வந்துவிடுங்கள். தனியாக இருக்கிற பையன்கள் ஆள் தேடித்தான் இந்த மாதிரி இடங்களுக்குப் போகிறார்கள், அதைத் தெரிந்து வைத்திருக்கிறவர்களும் உண்டு.

எட்டு மாதமாக ராத்திரி ஷிப்ட் என்கிறீர்கள், முதலில் தூக்கத்தைச் சரி பண்ணுங்கள். ஜன்னலுக்குக் கனமான திரை, படுக்கும்போது போன் வேறு பக்கம். நாலு நாள் சரியாகத் தூங்காதவனுக்கு எல்லாமே விட்டுப்போன மாதிரிதான் தெரியும், சாமி மட்டும் எப்படி மிச்சமிருக்கும்.

அம்மாவிடம் சொல்கிற பொய்யைப் பற்றி. நானும் மூன்று வருடம் சொன்னேன். ஒரு தடவை ஊருக்குப் போனபோது வாய் தவறி, அங்கே நான் கோயிலுக்கே போறதில்லைம்மா என்று சொல்லிவிட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையைக்கூடத் தூக்கவில்லை. "தெரியும்ல. போயிட்டு வந்தவன் என்ன பிரசாதம்னு சொல்லாமலா இருப்பான்? அதான் நான் இங்க ஒம் பேருக்கும் சேத்து அர்ச்சனை பண்ணுதேன்லா" என்றாள். அதற்கப்புறம் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. உங்கள் அம்மாவுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆடித்தபசுக்குப் போகிற எண்ணம் இருந்தால் இப்போதே தேதி பார்த்து வையுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, காலை 8 மணிக்கு. அது நீங்கள் ஆழ்ந்து தூங்குகிற நேரம், அதனால் அன்றைக்கு மட்டும் படுக்காமல் உட்கார்ந்திருங்கள். பொதிகை எக்ஸ்பிரஸ் எழும்பூரில் ஏறினால் நேரே சங்கரன்கோவிலில் இறங்கலாம், ஸ்லீப்பர் சில நிமிடத்தில் காலியாகிவிடும். கிடைக்காவிட்டால் கிளாம்பாக்கத்திலிருந்து பஸ். அதற்கு முன்னால் அந்த நாளை காலண்டரில் அடைத்து வையுங்கள், பெயர் போட்டே.